மாற்றுப் பாடவேளை

முக்கூடல் ஆற்றுப் பாலத்தில்
எட்டு நாற்பதுக்கு வண்டியை ஓரங்கட்டினேன்.
பெட்ரோல் இருந்தது. டயரில் காற்று இருந்தது.
கீழே ஒருவர் எருமையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
எருமைக்கு அவசரம் இல்லை.
எனக்கு ஒன்பதரைக்குள்
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் வருகையைச்
செல்போனில் ஏற்ற வேண்டும்.

இருபத்தேழாம் எண்ணுக்கு நேரே
மூன்று வாரமாக 'வரவில்லை' போடுகிறேன்.
பதினொன்றுக்கும் முப்பத்து நான்குக்கும் அப்படித்தான்.
பெயர் சொன்னால் தெரு தெரிந்துவிடும்,
அதனால் எண்.
ஒருவன் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்,
வலது கையில் பதினாறு தையலோடு.
மற்ற இருவரும் கூர்நோக்கு இல்லத்தில்.
மூவருக்கும் ஒரே நாளில்தான்
வட்டத்தின் நாண் நடத்தினேன்.

அன்று ராத்திரி வார்டு வாசலில்
விரல் நுனியில் பீடித்தூள் மணக்க
அவன் அம்மை கேட்டாள்:
"ஒங்ககிட்டதான டீச்சர் படிக்கான்?"
குற்றமாகக் கேட்கவில்லை.
சும்மா கேட்டாள்.
குற்றமாகக் கேட்டிருந்தால்
ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

என் மேசை இழுப்பறையில் ஒரு கத்திரிக்கோல்.
படம் வெட்ட இல்லை.
மணிக்கட்டில் கட்டி வரும் கயிறுகளை அறுக்க.
இரண்டு நிறம் முறுக்கியது, மூன்று நிறம் முறுக்கியது,
எது எந்தத் தெரு என்று தெரியும்,
தெரியாத மாதிரி அறுப்பேன்.
அறுத்த இடத்தில்
வெயில் படாத ஒரு வெளுத்த வளையம் இருக்கும்.
அதை என்ன செய்ய?
இழுப்பறை நிறைந்து மூட வரவில்லை.

வட்டார வள மையத்தில்
மன அழுத்தம் நீக்க ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள்.
ஆளுக்கொரு பலூன்.
கவலையை உள்ளே ஊதி முடிச்சுப் போடச் சொன்னார் வந்தவர்.
பிறகு குண்டூசி.
கைதட்டல், எலுமிச்சைச் சாதம், இரண்டு இடத்தில் கையெழுத்து.
என் பலூனை ஊதவில்லை.
ஊத மூச்சு வரவில்லை என்று சொல்ல வெட்கமாயிருந்தது.
அது இன்னும் கைப்பையில், சில்லறையோடு கிடக்கிறது.

ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன்.
"ஆவுடையம்மாள் மேடம், பாலத்துல நிக்கேன்.
வர முடியல."
"வண்டி ரிப்பேரா?"
"இல்ல."
அந்தப் பக்கம் மணி அடித்தது, பிரார்த்தனைக்கு.
"கைப்பிடிச் சுவர விட்டுத் தள்ளி நில்லுங்க."
"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்."
"இல்லாட்டியும் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.

விளையாட்டு ஆசிரியர் சுடலைமணி வந்தார்,
பின்னால் இரவுக் காவலர், என் வண்டியை ஓட்டிப் போக.
எதுவும் கேட்கவில்லை சுடலைமணி.
விலக்கில் டீ வாங்கித் தந்தார்.
அதிகச் சீனி.
"பி பிரிவ நாலாவது பீரியடு
நான் கிரவுண்டுக்கு இறக்கிருதேன்,
ஒக்காந்திருங்க" என்றார்.
டீக்குக் காசு கொடுக்கக் கைப்பையைத் துழாவினேன்,
பலூன்தான் கையில் வந்தது.

மாற்றுப் பாடவேளை நோட்டில்
என் பெயருக்கு நேரே நான்கு பேர் கையெழுத்து.
அதில் ஒருவர்
என்னோடு இரண்டு வருஷமாகப் பேசாத வேதியியல் எஸ்தர்.
காரணம் என்ற கட்டத்தில்
சுகவீனம் இல்லை, சொந்த வேலை இல்லை.
மேடத்தின் சாய்ந்த எழுத்தில்
'பாலம்'.
ஆய்வுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ.

சாயங்காலம் என் மேசைக்கு வந்தார்.
இழுப்பறையை ஒரு இழு இழுத்தார்.
கயிறுகளைத் தொடவில்லை.
"முப்புடாதி, ஒரு மாசம்
இந்தக் கத்திரி எங்கிட்ட இருக்கட்டும்."
முந்தானையில் துடைத்து எடுத்துப் போனார்,
ஏதோ இரவல் வாங்குகிறவர் மாதிரி.

தூக்கம் இன்னும் சரியாக வரவில்லை.
இருபத்தேழு இடது கையால் எழுதப் பழகுகிறானாம்.
நேற்று நடையில் எதிரே வந்த மேடத்தின்
வலது கட்டைவிரலைப் பார்த்தேன்:
கத்திரிக்கோல் வளையம் பதிந்த சிவந்த தடம்.
எனக்கு அதே இடத்தில்
தோல் உரியத் தொடங்கியிருக்கிறது.

அடுத்த மாதம் யார் என்று
நோட்டில் இன்னும் எழுதவில்லை.